முறைத்தண்ணி

நெருஞ்சிப்புதூர்ல இருக்கற போரெல்லாம் செத்த போரு. ஆயிரம் அடி, ஆயிரத்தி இருநூறு அடின்னு பூமிக்குள்ள இரும்பை எறக்கி எறக்கிப் பாத்து, கடைசியில புழுதியும் சூடான காத்துமா வந்ததுக்கப்புறம், அந்த ஊர்க்காரங்க தண்ணியைப் பத்திப் பேசறதையே உட்டுப்போட்டு, லாரித்தண்ணி வர்ற கெழமையைப் பத்தி மட்டும் பேசிப் பழகி ஒம்பது வருசமாச்சு. அப்படி இருக்கறப்பத்தான் ஒரு வைகாசி மாசத்துச் செவ்வாக்கிழமை, பிரசிடெண்டு பொங்கியண்ணன் தோட்டத்துல, சும்மா உள்ள கெடந்து துருப்புடிச்ச மோட்டாரை மேல ஏத்தி வெளிய போட்டுட்டு மயிலாத்தா வேர்வையைத் தொடச்சுக்கிட்டு இருந்தா. அவளுக்குச் சோறு கொண்டுக்கிட்டு வந்த மக கோகிலாமணி, நடந்த களைப்புல மூச்சு வாங்கி, போர்க்குழாயில முதுகைச் சாச்சு உக்காந்தா. சித்த நேரத்துல குழாய் வாயில தண்ணி வந்துச்சு. ஒரு கை அள்ளுற அளவு மேல வரும், அதுல பாதி சர்ருனு உள்ள திரும்பும், மறுபடி ஒரு கை வரும்.

"துணி நனையுது பாரு, தள்ளி உக்காருடி"ன்னா மயிலாத்தா.

தள்ளி உக்காந்தா. தண்ணி நின்னுபோச்சு. மறுபடி சாஞ்சா, மறுபடி வந்துச்சு. ஆத்தாளும் மகளும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, பொறவு சோறு ஆறிப் போகுதுன்னு தின்னாங்க.

மயிலாத்தா அந்த ஊர்ல மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருந்தா. புருசன் கந்தவேலு செஞ்ச தொழில் அது. ஆறடி மூணங்குலம் இருந்த மனுசன், முப்பத்தெட்டு வயசுல, மோட்டார் தூக்கற சங்கிலியைப் புடிச்சு நின்னபடியே சாஞ்சு போனாரு. 'நெட்டையனுக்கு ஆயுசு கட்டை'ன்னு ஊரு ஒரே வார்த்தையில முடிச்சுப்போட்டுக் கறிச்சோறு திங்கப் போயிருச்சு. காரியம் முடிஞ்ச மறுநாள் மயிலாத்தா பைப் ரெஞ்சைக் கையில எடுத்தவதான். மகளுக்கும் அப்பன் உயரம், அப்பன் மாதிரியே சோடாபுட்டிக் கண்ணாடி, அப்பன் மாதிரியே நீட்டு நீட்டு வெரலு. அந்த வெரலை வெச்சுக்கிட்டுத் தாமிரக் கம்பியைச் சந்துக்குள்ள வுட்டு அவ காயில் கட்டற நேர்த்திக்குப் பல்லடத்துல இருந்தெல்லாம் மோட்டார் வரும். நெட்டைக்கொக்குன்னு பேரு வெச்சிருந்தாங்க அந்தப் புள்ளைக்கு. தண்ணி வந்த அன்னைக்கு அந்தப் பேரை எல்லாரும் ஒரே நேரத்துல மறந்துட்டாங்க.

ஒரு ஊருக்கு அதிசயம் வந்தா மொதல்ல என்ன செய்யும்ங்கறீங்க? கும்புடுமா, பயப்படுமா? அதெல்லாம் ஒரு மத்தியானத்துக்குத்தான். பொழுது சாயறதுக்குள்ள முறை போட்டுருவாங்க. அப்பன் பாட்டன் காலத்துல வாய்க்காத்தண்ணிக்கு எப்படி முறை வெச்சாங்களோ அதே மாதிரி, திங்கக்கெழமை மேக்காலக் காடு, செவ்வாய் பள்ளத்துத் தோட்டம், புதன் பிரசிடெண்டு வாழைன்னு, கோகிலாமணியை எந்தப் போர்ல எத்தனை மணிக்கு உக்கார வெக்கறதுன்னு பால் சொசைட்டி செவுத்துல சாக்பீஸ்ல எழுதிப்போட்டாங்க. பால் ஊத்த வர்றவங்க அதைப் பாத்துப்போட்டு, தன் முறை எப்பன்னு வெரலு விட்டு எண்ணிக்கிட்டுப் போவாங்க. அவ முதுகு நோகக் கூடாதுன்னு எலவம்பஞ்சுத் தலகாணி தெச்சுக் குடுத்தாங்க. முட்டை வந்துச்சு, நெய் வந்துச்சு, நாட்டுக்கோழி வந்துச்சு. 'எங்கூட்டுப் புள்ளை மாதிரி'ங்காத ஊடு இல்லை.

சீக்கிரத்துலயே இன்னொண்ணையும் கண்டுபுடிச்சாங்க, பாவிங்க. அவ நடந்து வந்து உக்காந்தா தண்ணி எச்சா வருது. ஓடி வந்து உக்காந்தா இன்னும் எச்சு. அப்புறமென்ன, தோட்டத்துக்கு வண்டி அனுப்பறதை நிறுத்திப்போட்டாங்க. 'நடந்து வா கண்ணு, கைகாலுக்கு நல்லது'ன்னாங்க. சில பேரு கடுங்காப்பி வெச்சுக் குடுத்தாங்க, ரெண்டு லோட்டா. பயந்தாலும் நெஞ்சு அடிச்சுக்குமேன்னு ரோசனை பண்ணுன ஒரு புண்ணியவான், கரும்புக்குத் தண்ணி பாயறப்ப அவ முதுகுக்குப் பொறத்தாண்ட நோம்பிப் பட்டாசு ஒண்ணைக் கொளுத்திப் போட்டான். தண்ணி ஆள் உயரத்துக்கு எகிறுச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க. அவளும் சிரிச்சா, ஒதடு நீலம் பாரிச்சிருந்துச்சு. அதை எவன் பாத்தான்?

டவுன்ல இருந்து அளவெடுக்கற ஆபீசருங்க ரெண்டு பேரு வந்து, வாளியும் கடியாரமுமா அரை நாள் நின்னு, 'உக்காந்த நிலையில் நிமிடத்துக்குத் தொண்ணூற்றெட்டு துடிப்பு'ன்னு எழுதி, எளநி குடிச்சுப்போட்டுப் போனாங்க. சும்மா உக்காந்திருக்கற இருவத்திரெண்டு வயசுப் புள்ளைக்கு நெஞ்சு ஏன் அத்தனை தடவை அடிக்குதுன்னு கேக்க அந்த ரெண்டு பேருக்கும் வாய் வரலை.

மயிலாத்தா மட்டும் என்ன, ஒசத்தியா? தன் மேலயே வந்த அந்தக் கோவம்தான் அவளுக்குக் கடைசி வரைக்கும் ஆறலை. செத்த போரெல்லாம் உசுரு வந்ததும், தொட்டித் தண்ணியைக் காட்டுக்கு ஏத்த மோட்டார் வேணும், மோட்டாருக்குக் காயில் வேணும், ஏறுன தண்ணி கீழ திரும்பாமத் தடுக்கற ஃபுட் வால்வு வேணும். கடையில மறுபடி வேலை குமிஞ்சுது. சாயங்காலம் மக படுத்துக்கிட்டு, 'படபடங்குதும்மா, ரெண்டு தலகாணி வெச்சாத்தான் மூச்சு உட முடியுது'ன்னு சொல்றப்ப, 'வெயில்ல உக்காந்தது அப்படித்தான் இருக்கும், மோர் குடி'ன்னு சொன்னவதான் இவளும். ஒழுகுற வால்வைச் சத்தத்தை வெச்சே கண்டுபுடிக்கறவ, தன் ஊட்டுக்குள்ள சர்ரு சர்ருனு திரும்புன சத்தத்தை எட்டு மாசம் கேக்கலை.

தை மாசம் ஒரு புதன்கெழமை, பிரசிடெண்டு வாழைக்குப் பாதி தண்ணி பாஞ்சிருக்கறப்ப, கோகிலாமணி உக்காந்த எடத்துலயே சரிஞ்சா. தகவல் கெடச்சு மயிலாத்தா ஓடி வர்றா, வரப்பு மேல நிக்கற அடுத்த தோட்டத்துச் சென்னியப்பன் கேக்கறான்: "அப்ப என் முறை நாளைக்குங்களா?"

கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில ஷெரின்னு ஒரு டாக்டரம்மா, நெஞ்சு மேல கருவியை வெச்சுத் திரையில காட்டுனாங்க. பொறவு கோகிலாமணியைக் கட்டைவெரலை உள்ள மடக்கிக் கையை மூடச் சொன்னாங்க. வெரலு கைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்துச்சு.

"இவங்க அப்பாவும் இதே உயரமா? எப்படி இறந்தாரு?"

"நின்னபடியே சாஞ்சாருங்க."

டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சாங்க. "ரத்தத்துலயே வர்றது இது. மார்ஃபன்னு பேரு. ஐயாயிரம் பேர்ல ஒருத்தருக்கு இருக்கும். உடம்பை இழுத்துப் புடிக்கற நாரெல்லாம் இவங்களுக்குத் தளர்வு. இதயத்துல ரெண்டு இதழ் வெச்ச வால்வு ஒண்ணு இருக்கு, அது தொளதொளன்னு ஆகி மூட மாட்டேங்குது. ஒவ்வொரு துடிப்புக்கும் பாதி ரத்தம் வந்த வழியே திரும்புது. இதயம் பெருத்துக்கிட்டே போகுது."

"வால்வு ஒழுகுதுங்களா?"

"ஆமாம்மா. வேற வால்வு வெக்க வேண்டியதில்லை, இருக்கறதையே தெச்சு, சுத்தி ஒரு வளையம் போட்டு நிறுத்தலாம். ஆனா தள்ளிப் போடக் கூடாது. ரெண்டு மாசத்துக்குள்ள."

மயிலாத்தாளுக்கு வேற யாரும் வெளக்க வேண்டியிருக்கலை. இத்தனை வருசமா அவ செய்யற வேலை அது. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு தன் தலையில தானே ரெண்டு போடு போட்டுக்கிட்டு அழுதா.

அறுவைக்கு நாள் குறிச்சு, அதுவரைக்கும் நெஞ்சு அடிக்கறதை மட்டுப்படுத்த மாத்திரை குடுத்தாங்க. முறைக்குப் போகக் கூடாதுன்னு மயிலாத்தா சொன்னா. ஊரு, 'சித்த நேரம்தான, நெழல்லதான'ன்னு வாசல்ல வந்து நின்னுச்சு. கோகிலாமணியே, "நாலு நாள் உக்காந்துட்டு நிறுத்திக்கறேன்மா, கருகுதுங்கறாங்க"ன்னு எந்திரிச்சுப் போனா. மாத்திரை போட்டதும் தண்ணி பாதியாச்சு. ஊரு பதறிப் போச்சு. பிரசிடெண்டு சம்சாரம் சிந்தாமணி ஒரு நாள் பணியாரம் சுட்டுக்கிட்டு வந்து, கோகிலாமணி தலையை நீவிக்கிட்டே சொல்றா: "கண்ணு, புதன்கெழமைக்கு மட்டும் அந்த மாத்திரையைப் போடாத சாமி. மத்த நாள் தாராளமாப் போட்டுக்க, நான் வேண்டாங்கலை."

'ஊரான் ஊட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே'ன்னு சும்மாவா சொன்னாங்க. பணியாரச் சட்டியோட வாசல் வரைக்கும் வெரட்டியடிச்சா மயிலாத்தா. திரும்பி வந்து மகளைப் புடிச்சு உலுக்குனா: "உனக்குக் கோவமே வராதாடி? வாயைத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பழகிப் போச்சும்மா"ன்னா கோகிலாமணி. "நான் கோவப்பட்டாலும் தண்ணி எச்சா வருது. எச்சா வந்தா அவிங்களுக்குச் சந்தோசம். அதனால கோவப்படறதையே நிறுத்திக்கிட்டேன்."

அன்னைக்கு மயிலாத்தா ரெண்டு பேருக்கும் சேத்துக் கோவப்பட ஆரம்பிச்சா.

அறுவைக்கு ஒரு வாரம் இருக்கறப்ப ஊரு மாரியம்மன் கோயில்ல கூடுச்சு. நல்ல காரியம் எதுன்னாலும் அம்மங்கிட்டப் பூக் கேக்கோணும்ங்கறது அங்கத்த வழக்கம். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ஒரே மாதிரி மடிச்சு அம்மன் காலடியில வெச்சு, ஒரு சின்னப் புள்ளையை உட்டு எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா உத்தரவு, செகப்பு வந்தா வேண்டாம். மயிலாத்தாளும் போனா. அவளுக்கும் அம்மன் மேல பயம் இருந்துச்சே.

வெள்ளை வந்துச்சு.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமிக்கிட்டு, "மூணு தடவை கேக்கறதுதான் மொறை"ன்னாரு. இதுக்கு முன்னால எந்தக் கல்யாணத்துக்கும் எந்தக் காதுகுத்துக்கும் மூணு தடவை கேட்டதில்லை. கேட்டாங்க. வெள்ளை, வெள்ளை. பொட்டலம் மடிச்சவன் கைராசி சரியில்லைன்னாங்க. ஆளை மாத்துனாங்க, வெள்ளை. எடுத்த புள்ளை பூவை மோந்து பாத்து எடுக்குதுன்னாங்க, வேற புள்ளையை உட்டாங்க, வெள்ளை. அம்மனுக்குத் தண்ணி ஊத்திக் குளுர வெச்சுக் கேட்டாங்க, வெள்ளை. ஏழாந்தடவை, யாரும் தொடறதுக்கு முந்தியே, வெள்ளரளி தானா பொட்டலத்தைப் பிரிச்சுக்கிட்டு அம்மன் காலடியில இருந்து வாசப்படி வரைக்கும் உருண்டு வந்து நின்னுச்சு.

"சரி, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா"ன்னாரு பொங்கியண்ணன். "நாம ஒண்ணும் வேண்டாங்கலையே. ஆனா எப்பன்னு ஆத்தா சொல்லலை பாருங்க. வாழை தார் தள்ளட்டும், கரும்பு வெட்டட்டும், ஒரு மழை பேயட்டும். அப்புறம் நானே முன்னால நின்னு கூட்டிக்கிட்டுப் போறேன்."

மயிலாத்தா எந்திரிச்சா. அந்தக் கோயில்ல பொம்பளை சத்தம் ஒசந்து அதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.

"ஏனுங்ண்ணா, உங்க கெணத்துல ஃபுட் வால்வு ஒழுகுனா எத்தனை நாளு பொறுப்பீங்க? ஒரு நாளு பொறுத்ததுண்டா? வெடியால அஞ்சு மணிக்கு என் கதவைத் தட்டறீங்க, மோட்டார் சும்மா ஓடுது, தேஞ்சு போகும், ஓடியா மயிலாத்தான்னு. இரும்புக்கு அத்தனை வெசனப்படறீங்களே, எம் புள்ளை தேயறது கண்ணுக்குத் தெரியலையா? சென்னியப்பா, கீழ என்னடா பாக்கற, நிமுந்து பாரு. அவ வுழுந்தப்ப நாளைக்கு முறைன்னு கேட்டியே, உம் மக வுழுந்திருந்தா கேப்பியா? ஏழு தடவை சொல்லிட்டா அவ, அந்தக் கல்லுல இருக்கறவ. கல்லுக்கு எளகுது, உங்களுக்கு எளகலை. த்தூ!"

மறுநாள் மொத பஸ்ஸுல ஆத்தாளும் மகளும் போயிட்டாங்க. வழியில நின்னுக்கிட்டு இருந்தவங்க யாரும் தடுக்கலை, யாரும் போயிட்டு வாங்கன்னும் சொல்லலை.

அறுவை நாலு மணி நேரம். நெஞ்சைத் தொறந்து, இதயத்தை நிறுத்தி வெச்சு, ரத்தத்தை மிஷின்ல ஓட்டிக்கிட்டு, தொளதொளத்த இதழைத் தெச்சாங்க. அந்த நாலு மணி நேரம் நெருஞ்சிப்புதூர்ல தண்ணி சொன்ன பேச்சுக் கேக்கலை. கொடத்தைக் கவுத்தா வராது, லோட்டாவைச் சாச்சா ஒதட்டுக்கிட்ட வந்து நிக்கும். அழுத கொழந்தைங்க கண்ணுல தண்ணி அப்படியே முட்டிக்கிட்டு நின்னுச்சு. ஊரு திட்டிக்கிட்டே காத்துக்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் ரெண்டேகாலுக்கு எல்லாக் கொடமும் ஒரே நேரத்துல கொட்டுச்சு. மயிலாத்தாகிட்ட டாக்டரம்மா வந்து, "நல்லா மூடுதும்மா, ஒரு சொட்டுகூடத் திரும்பலை"ன்னாங்க.

ஊட்டுக்கு அனுப்பற அன்னைக்குப் பொங்கியண்ணன் காரை எடுத்துக்கிட்டு வந்திருந்தாரு, 'நம்ம புள்ளையை நாமதான கூட்டியாரோணும்'னு. அவரு பக்கத்துல நிக்கறப்பத்தான் டாக்டரம்மா கடைசியாச் சொன்னாங்க: "பெரிய ரத்தக்குழாயை வருசா வருசம் பாக்கணும். கல்யாணம் பண்ணிக்கலாம், ஆனா கர்ப்பம் ஆகறதுக்கு முன்னால எங்ககிட்ட வரணும், இவங்க உயிருக்கே ஆபத்து வரலாம். பொறக்கற குழந்தைக்கும் இந்தக் குறை இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு." பொங்கியண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு.

மூணு மாசம் கழிச்சு, தெனமும் வாசல்ல வந்து நிக்கறவங்க தொல்லை தாங்காம, கோகிலாமணியே போயி ஒரு போர்ல சாஞ்சு உக்காந்தா. ஊரே சுத்தி நின்னுச்சு. அரை மணி நேரம் ஆச்சு. குழாய்ல இருந்து ஒரு பல்லி எட்டிப் பாத்துப்போட்டு உள்ள போயிருச்சு.

"அநியாயமாக் கெடுத்துப்போட்டாங்களே, நல்லா இருந்த புள்ளையை"ன்னான் சென்னியப்பன். நெசமாவே கண்ணு கலங்குச்சு அவனுக்கு.

அதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாரும் வரலை. முட்டை நின்னுச்சு, நெய் நின்னுச்சு, நெட்டைக்கொக்கு திரும்பி வந்துச்சு. கோகிலாமணி ஒரு தலகாணியில படுத்துத் தூங்குனா, கடையில காயில் கட்டுனா, ஒரு நாள் கம்பி வெலையைக் கூட்டிச் சொன்ன யாவாரியை வாங்கு வாங்குன்னு வாங்குனா. மகளுக்குக் கோவம் வந்ததைப் பாத்து மயிலாத்தா உள்ள போயி நின்னு சிரிச்சா.

அந்தச் சிரிப்பு ஒரு மாசம்தான். ஆவணி பொறந்ததும் பொண்ணு கேட்டு ஒறம்பரை வர ஆரம்பிச்சுது. இத்தனை ஒசரத்துக்கு எவன் கட்டுவான்னு சொன்ன வாயெல்லாம், நெஞ்சைக் கிழிச்ச புள்ளைன்னு சொன்ன வாயெல்லாம், தாம்பாளத்தோட வாசல்ல நின்னுச்சு. வாழை வெச்சிருக்கற ஊடு, கரும்பு வெச்சிருக்கற ஊடு, ஒருத்தரும் நகை கேக்கலை, ஒருத்தரும் நட்சத்திரம் கேக்கலை. மயிலாத்தாளுக்கு ஒண்ணும் புரியலை. நாலாவதா சிந்தாமணி வந்தா, பட்டுச்சீலையும் பூவுமா, தன் மகனுக்குக் கேட்டு.

"ஜாதகமெல்லாம் எதுக்கு மயிலாத்தா, நமக்குள்ள? அந்த டாக்டர் சீட்டை மட்டும் குடு. அதுல பாதிக்குப் பாதின்னு எழுதியிருக்காங்களான்னு உங்கண்ணன் பாத்துக்கிட்டு வரச் சொன்னாரு."

காயில் கட்டிக்கிட்டு இருந்த கோகிலாமணி கம்பியைக் கீழ வெச்சா.

"பாதிக்குப் பாதிதானுங்கத்தை. மொதக் கொழந்தைக்கு இல்லாமப் போச்சுன்னா?"

"ரெண்டாவதுக்கு இருக்கும் கண்ணு."

"அது பொறந்து, வளந்து, வால்வு ஒழுகறதுக்கு இருவது வருசம் ஆகுமுங்களே."

"ஆகட்டும் சாமி"ன்னா சிந்தாமணி, அத்தனை வாஞ்சையா, கன்னத்தைத் தடவிக்கிட்டு. "எத்தனை வருசமானாலும் நாங்க பொறுத்துக்கறோம். நீ அந்த வெசனமே படாத."

மயிலாத்தா தாம்பாளத்தை எடுத்து அப்படியே சிந்தாமணி கையில குடுத்து அனுப்பிப்போட்டு, வெல்டிங் செட்டைக் குட்டியானை வண்டியில ஏத்துனா. காலிஞ்ச் இரும்புத் தகட்டை வட்ட வட்டமா வெட்டி அடுக்குனா. மேக்காலக் காட்டுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு மோட்டார் ரூம்லயும் கரண்டை எடுத்து, ஒவ்வொரு போர் வாயிலயும் தகட்டை வெச்சுச் சுத்திப் பத்த வெச்சுக்கிட்டே வந்தா. மொத நாள் மராமத்துன்னு நெனச்சாங்க. ரெண்டாம் நாள் வெளங்கிப் போச்சு. தடுக்க வந்த ஆளுங்க அவ மூஞ்சியைப் பாத்துப்போட்டு வரப்புலயே நின்னுக்கிட்டாங்க. பன்னண்டாம் நாள் மிச்சம் இருந்தது பொங்கியண்ணன் போரு ஒண்ணுதான்.

"வேண்டாம் அம்மிணி"ன்னு குறுக்க வந்து கும்புட்டாரு பொங்கியண்ணன், ஊரே பாக்க. "பெருமழை ஒண்ணு பேஞ்சா தானா ஊறும். மூடிப்போடாத. தோட்டக்காரன் போரை மூடலாமா? தொறந்து கெடந்தா உனக்கு என்ன நட்டம்?"

"எம் மகளுக்குப் புள்ளை பொறந்தாலும் பொறக்கும், பொறக்காமப் போனாலும் போகும். அது அவ பாடு"ன்னா மயிலாத்தா. "ஆனா அது பொறக்கறப்ப இந்த ஊர்ல ஒரு ஓட்டை தொறந்திருக்கக் கூடாது."

சொல்லிப்போட்டு, மூஞ்சிக்குக் கண்ணாடியை எறக்கி, நெருப்பை வெச்சா.